கேமரா மட்டும் உள்ளே வரலாம்

ஆடி மாதம் பிறந்தால் கல்யாண போட்டோ எடுப்பவர்களுக்கு வேலை இருக்காது. முகூர்த்தம் கிடையாது. வைகாசி, ஆனியில் எடுத்த கல்யாணங்களின் ஆல்பமும் ஒருவழியாக முடிந்திருக்கும். மற்ற ஸ்டூடியோக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே படுத்துத் தூங்குவார்கள். ஜெஸ்ஸி தூங்கமாட்டாள். நாகல்நகரில் இருக்கும் தன் ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு, லென்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எங்காவது ஒரு கோட்டையைத் தேடிக் கிளம்பிவிடுவாள்.

பல வருடமாக இதே பைத்தியம்தான். திண்டுக்கல் மலைக்கோட்டையில் அவள் படம் எடுக்காத கல் இல்லை. செஞ்சி, திருமயம், சங்ககிரி, நாமக்கல் என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்கியாயிற்று. ஏதோ ஒரு பொட்டல் கரட்டின் உச்சியில் நாலு கல் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றால் போதும், அது கோட்டையா ஆட்டுப்பட்டியா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள். தனியாகப் போய்க்கொண்டிருந்தவளோடு மெல்ல ஆள் சேர்ந்து, இப்போது அது ஒரு கும்பல். வாட்ஸ்அப்பில் ‘கோட்டை ஞாயிறு’ என்று பெயர். பேகம்பூரில் பிரியாணிக் கடை நடத்தும் குடும்பத்துப் பெண் நர்கீஸ் அதில் இருந்தாள். பெரிய லென்ஸும் அதைவிடப் பெரிய அபிப்பிராயங்களும் உடைய பல் டாக்டர் கார்த்திகேயன் இருந்தார். இன்னும் ஏழெட்டுப் பேர்.

“ஞாயித்துக்கெழம பூசைய விட்டுட்டுக் கல்லப் படம் புடிக்கப் போறியே, வெளங்குமா?” என்று அவள் அப்பா மிக்கேல்ராஜ் ஆரம்பத்தில் கத்திப் பார்த்தார். ஜெஸ்ஸி சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்குப் போகத் தொடங்கி அவர் வாயை அடைத்துவிட்டாள்.

இத்தனை கோட்டை பார்த்தவள், அப்பா பிறந்த ஊரில் இருந்த கோட்டையை மட்டும் எடுத்ததில்லை.

செம்பட்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் ஒரு மண்சாலையில் திரும்பினால் கரட்டுப்பாளையம். என்றைக்கோ ஒரு பாளையக்காரர் கட்டிய கோட்டை அங்கே நிற்கிறது. பெரிதாக ஒன்றும் இல்லை. கரட்டின் அடியில் கல் மதில், இடிந்த கொத்தளங்கள், மேற்கே பார்த்த ஒரே ஒரு வாசல். ஆனால் அந்த வாசலுக்குள் நின்று வெளியே பார்த்தால், வளைவுக்குள் கொடைக்கானல் மலை மொத்தமும் வந்து உட்கார்ந்திருக்கும் என்று கேள்வி. கேள்விதான். மிக்கேல்ராஜ் பார்த்ததில்லை. அவருடைய அப்பாவும் பார்த்ததில்லை. அந்த ஊர்த் தெற்குத்தெருக்காரர்கள் யாரும் அந்த வாசலைத் தாண்டியதில்லை. தாண்டக் கூடாது என்பது வழக்கம். யார் போட்ட வழக்கம் என்று கேட்டால் ஊரில் எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள். தெற்குத்தெருவில் பாதிப் பேர் ஞானஸ்நானம் வாங்கி, அந்தோணியார் கோயில் கட்டி, பிள்ளைகளுக்கு வேதப் பெயர் வைத்தும் அது போகவில்லை. பாளையம் போனது, ஜமீன் போனது, மதிலில் பாதி சரிந்தும் போனது. இந்த ஒரு வழக்கத்துக்கு மட்டும் ஒரு கீறல் விழவில்லை.

கோட்டை இன்னும் பழைய குடும்பத்தின் பட்டாவில்தான் இருந்தது. இப்போதைய வாரிசு ரவிச்சந்திரன். வத்தலக்குண்டில் உரக்கடை வைத்திருக்கிறார். ஜெஸ்ஸி போனில் அனுமதி கேட்டபோது மனிதர் குளிர்ந்தே போனார்.

“தாராளமா வாங்க மேடம். நம்ம கோட்டை நாலு பேருக்குத் தெரிஞ்சா நமக்குத்தான பெருமை? டீ, வடை எல்லாம் நம்ம ஏற்பாடு.”

சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது இதைச் சொன்னாள். மிக்கேல்ராஜ் தோசையைப் பிய்ப்பதை நிறுத்தினார். ரயில்வேயில் கேங்மேன் வேலை கிடைத்து இளவயதிலேயே திண்டுக்கல்லுக்கு வந்துவிட்டவர் அவர். சாவுக்கும் கல்யாணத்துக்கும் தவிர அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

“அங்க எதுக்கு பாப்பா?”

“படம் எடுக்கத்தான்.”

“யாராச்சும் எந்த ஊருன்னு கேட்டா திண்டுக்கல்னு சொல்லிரு. பொய்யா அது? நீ பொறந்ததே இங்கதான.”

“எந்தத் தெருன்னு கேப்பாங்க.”

“நாகல்நகர்னு சொல்லு.”

“அப்புறம் யார் மகள்னு கேப்பாங்கப்பா.”

மிக்கேல்ராஜ் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “எம் பேரு வேணாம் பாப்பா” என்றார்.

ஜெஸ்ஸிக்குக் கோபம் வந்தது. அப்பாமீது இல்லை. வெயிலிலும் மழையிலும் தண்டவாளம் பார்த்து, ஒருத்தரிடமும் கை நீட்டாமல் தன்னைப் படிக்க வைத்த மனிதர், பெற்ற மகளிடம் தன் பெயரைச் சொல்லாதே என்று கேட்கிறார் என்றால், அவரை அப்படிக் கேட்க வைத்தவர்கள் எவ்வளவு பெரிய ஆட்களாக இருக்க வேண்டும்! சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கை கழுவிவிட்டு எழுந்து போய் பேட்டரிகளைச் சார்ஜில் போட்டாள்.

மறுநாள் காலை இரண்டு கார்களில் கரட்டுப்பாளையம் போய் இறங்கியபோது ஆடிக்காற்று ஆளைத் தள்ளியது. மண்ணை வாரி முகத்தில் அடித்தது. ஆனால் வெளிச்சம் பிரமாதமாக இருந்தது. கிழக்கேயிருந்து வந்த வெயில் மேற்கே மலை முழுவதையும் துலக்கிக் காட்டியது. மலைத்தலையில் மேகம் மெல்லக் கூடத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் மலையே மூடிவிடும். அதற்குள் எடுத்தாக வேண்டும்.

வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் கார் நிறுத்த இடம் காட்டியவன் ஜெரோம். ஜெஸ்ஸியின் சித்தப்பா மகன். தெற்குத்தெருவிலேயே இருப்பவன், ரவிச்சந்திரனின் தென்னந்தோப்பில் தண்ணீர் பாய்ச்சுகிறான். அவளைப் பார்த்ததும் வாயைத் திறந்தவன், அவள் கண்ணைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

ரவிச்சந்திரன் வெள்ளை வேட்டியில், நெற்றி நிறையத் திருநீற்றோடு, கையில் மஞ்சள் காப்புக் கயிற்றோடு வந்தார். சொன்னபடி டீயும் வடையும் வந்தன. மனிதர் நல்லவராகத்தான் தெரிந்தார். நர்கீஸிடம் கடையைப் பற்றி விசாரித்தார், டாக்டரிடம் தன் கடைவாய்ப் பல்லைப் பற்றிப் பேசினார். பிறகு வாசலில் போய் நின்று, மீசையை நீவிவிட்டுக்கொண்டு, “மேடம், அப்படியே நம்மளையும் ஒண்ணு எடுங்க. வாட்ஸ்அப்புல வைக்கணும்” என்றார். ஜெஸ்ஸி எடுத்துக் கொடுத்தாள். நன்றாகவே வந்திருந்தது.

படத்தைப் பார்த்த சந்தோஷத்தில், “மேடத்துக்கு சொந்த ஊரே திண்டுக்கல்தானா?” என்றார்.

நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு மூன்று படி உண்டு. முதலில் ஊர், பிறகு தெரு, பிறகு யார் மகள். மூன்றாவது படியில் கால் வைத்ததும் கேட்டவர் மனசுக்குள் உங்களை உட்கார வைக்க வேண்டிய இடத்தில் உட்கார வைத்துவிடுவார். ஜெஸ்ஸி சின்ன வயதிலிருந்து இந்தப் படியில் வழுக்கி வழுக்கித் தப்பித்தவள். இன்றைக்கும் தப்பிக்கலாம். திண்டுக்கல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாசல் திறந்தே இருக்கிறது, வடை தின்ற கையோடு உள்ளே போய்விடலாம். ஆனால் உள்ளே போவது ஸ்டூடியோக்கார மேடமாக இருக்கும். மிக்கேல்ராஜின் மகள் வெளியேதான் நிற்பாள். அவளுக்கு அது வேண்டாம்.

“இல்லைங்க. இதே ஊருதான். தெற்குத்தெரு மிக்கேல்ராஜ் மகள்” என்றாள். மூன்று படியையும் ஒரே தாவாகத் தாவிவிட்டாள்.

ரவிச்சந்திரனின் முகம் மாறவில்லை. அதுதான் கொடுமை. சிரிப்பு அப்படியே இருந்தது, ‘மேடம்’ மட்டும் எங்கோ போய்விட்டது.

“அட, ரயில்வேக்குப் போனான்ல, நம்ம மிக்கேலு, அவன் மகளா நீ? நல்லாருக்கானா? முன்னாடியே சொல்லிருக்கலாமேம்மா. இப்பப் பாரு, உள்ள கருப்பசாமிக்குக் காப்புக் கட்டியிருக்கு. நீ ஒண்ணு செய்யி, அந்த வேப்பமரத்தடியில செத்த நேரம் உக்காரு. இவங்கள்லாம் போய்ட்டு வரட்டும்.”

“நான் படம் எடுக்கணுமே.”

“படம்தானம்மா? உன் கேமராவ டாக்டர்ட்ட குடுத்து விடு. கேமரா உள்ள வரலாம், அதுல ஒண்ணும் இல்ல.”

கேமரா உள்ளே வரலாமாம். ஜப்பானில் எவனோ செய்த பெட்டிக்கு இந்தக் கோட்டையில் தீட்டு இல்லை. இங்கேயே பிறந்தவரின் மகளுக்கு உண்டு.

டாக்டர் கார்த்திகேயன் அவள் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில், “ஜெஸ்ஸி, மேகம் ஏறுது பாருங்க. லைட் போச்சுன்னா போச்சு. நான் உங்க கேமராலயே எடுத்துட்டு வந்துடறேன். பேரு உங்க பேரையே போட்டுக்கலாம். இதப் போயி பெருசு பண்ண வேணாமே” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நல்ல எண்ணத்தில் இப்படிச் சொல்கிறவர்கள் இருக்கும்வரை கெட்ட எண்ணக்காரர்களுக்குக் கஷ்டமே இல்லை.

மற்றவர்கள் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நர்கீஸ் மட்டும் கையிலிருந்த பெரிய தூக்குப் பையை மேலே தூக்கிக் காட்டினாள்.

“அண்ணே, ஒரு சந்தேகம். இதுல மத்தியானத்துக்கு மட்டன் பிரியாணி இருக்கு. காப்புக் கட்டுன எடத்துக்குள்ள கொண்டு போகலாமா?”

ரவிச்சந்திரன் ஒரு கணம் திகைத்தார். பிறகு பெரிய மனசு பண்ணி, “பரவால்லம்மா, வெளியூருக்காரங்க, நீங்க என்னத்தக் கண்டீங்க? ஓரமா வச்சுக்கங்க” என்றார்.

“அப்ப நானும் உள்ள வரலாம், எங்க கடை ஆடும் உள்ள வரலாம். இவ மட்டும் வரக் கூடாது. அப்படித்தானண்ணே?”

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். ரவிச்சந்திரனுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். “வழக்கம்னு ஒண்ணு இருக்கும்மா. அத நானா போட்டேன்?” என்றார். சொல்லும்போது வானத்தைப் பார்த்தார்.

ஜெஸ்ஸி கேமராவை நிறுத்தும் முக்காலியை எடுத்து வாசலுக்கு நேர் எதிரே விரித்தாள். கேமராவை மாட்டினாள். திருகாணியை இரண்டு தரம் தவறவிட்டாள். ஆனால் குரல் பிசகவில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தாய்மாமனை நகரச் சொல்கிற அதே குரல்.

“அண்ணே, முன்ன படத்துக்கு நின்னீங்கள்ல, அங்கயே நில்லுங்க. கொஞ்சம் வலது பக்கம். ஆங், அங்கதான். இது போட்டோ இல்ல, வீடியோ. ‘மிக்கேல்ராஜ் மகள் ஜெஸ்ஸி இந்த வாசலுக்குள்ள வரக் கூடாது, ஏன்னா...’ன்னு ஆரம்பிங்க. ஏன்னாவுக்கு அப்புறம் என்ன வருதோ அத நீங்களே சொல்லுங்க. நான் ஒண்ணும் வெட்ட மாட்டேன், ஒட்ட மாட்டேன். அப்படியே போட்டுருவேன்.”

சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது.

ரவிச்சந்திரன் வாயைத் திறந்தார். காற்று வேட்டியைத் தூக்கி அடித்தது, பிடித்துக்கொண்டார். மறுபடி வாயைத் திறந்தார்.

“அத ஆஃப் பண்ணும்மா.”

“பேசுங்கண்ணே. ஓடிக்கிட்டு இருக்கு.”

“இதெல்லாம் கேமரா முன்னாடி பேசுற பேச்சா?”

“இம்புட்டு நேரம் எங்கிட்ட பேசுனீங்களே. எங்கப்பாட்ட, எங்க தாத்தாட்ட பேசுனீங்களே. ஊர் முன்னாடி பேச முடியாத பேச்ச எங்க முன்னாடி மட்டும் எப்படிண்ணே பேச முடியுது?”

சட்டம் என்று ஒன்று இருப்பது உரக்கடைக்காரருக்குத் தெரியாதா என்ன? நின்ற இடத்திலிருந்து மெல்ல நகர்ந்து, கேமராவின் பார்வை படாத பக்கமாக ஒதுங்கினார். அங்கே நின்றபடி வேறு வழி தேடினார். அகப்பட்டது.

“ஏலே ஜெரோமு! உங்கக்கா பண்ற கூத்தப் பாத்தியா? நாளைக்கு என் தோப்புல காலு வைக்கணுமா வேண்டாமான்னு உங்கக்காட்ட கேட்டுக்க.”

இது ஜெஸ்ஸி யோசிக்காத இடம். அவள் சாயங்காலம் காரில் ஏறிப் போய்விடுவாள். ஜெரோம் இங்கேயே இருக்கிறவன், பெண்டாட்டி பிள்ளை உள்ளவன். தன்னுடைய ரோஷத்துக்கு அவன் சோறு போவதா? கை தானாகக் கேமராவை அணைக்கப் போனது.

ஜெரோம் வேப்பமரத்தடியிலிருந்து எழுந்து வந்தான். முகம் வெளுத்திருந்தது. பயம்தான், அதை மறைக்கவும் அவனுக்குத் தெரியவில்லை.

“ஐயா, நாளைக்கு வரைக்கும் என்னத்துக்கு? இப்பயே நின்னுக்கிறேன்” என்றான். “ஒட்டன்சத்திரத்துத் தோப்புக்காரரு வா வான்னு கூப்புட்டுக்கிட்டேதான் இருக்காரு. உங்க அப்பாரு காலத்துலருந்து பாத்த தோப்பாச்சேன்னு நான்தான் போகல. எனக்கு வேற தோப்பு கெடைக்கும். உங்களுக்கு வேற ஆளு கெடைச்சா வச்சுக்கங்க.”

அது வீம்புப் பேச்சு இல்லை. தோட்ட வேலைக்கு ஆள் கிடைக்காமல் அந்தப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் தலையால் தண்ணி குடிப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ரவிச்சந்திரனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, யாருடனோ பேசுவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அக்கா, நீ போக்கா” என்றான் ஜெரோம். “மேகம் வருது.”

ஜெஸ்ஸி முக்காலியைக் கேமராவோடு தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள். வாசற்கல் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அதில் மிதித்தாள், தாண்டினாள். வானம் இடிந்து விழவில்லை. பின்னாலேயே நர்கீஸ் பிரியாணிப் பையோடு வந்தாள். டாக்டர் கொஞ்சம் நின்றுவிட்டு வந்தார். கடைசியாக ஜெரோம். வாசற்கல்லுக்கு முன்னால் அவன் கால் அதுவாகவே நின்றது. ஜெஸ்ஸி திரும்பி அவனைப் பார்த்தாள், கூப்பிடவில்லை. அவன் ஒரு மூச்சு இழுத்துவிட்டு, எட்டுவைத்து உள்ளே வந்தான்.

உள்ளே நின்று சுற்றும் முற்றும் பார்த்தாள். பார்த்துவிட்டு ஜெரோமைப் பார்த்தாள். அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு வாசலுக்கு உள்பக்கம் முக்காலியை நிறுத்தி வெளியே பார்த்தாள். கேள்விப்பட்டது பொய்யில்லை. கல் வளைவுக்குள் மலை மொத்தமும் இருந்தது. பாறைச் சரிவும், ஓடைத் தடங்களும், பாதி வெயிலும் பாதி மேக நிழலுமாக அகலமாக உட்கார்ந்திருந்தது. கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொண்டு போகஸை நேர் செய்தாள்.

“அவரு ஃப்ரேம்ல நிக்கிறாரே” என்றார் டாக்டர். வளைவுக்கு நடுவே, மலைக்குக் கீழே, வெள்ளை வேட்டி போனும் கையுமாக நின்றது. “நகரச் சொல்லட்டுமா?”

“வேணாம் டாக்டர். இத்தன காலம் எங்காளுக நின்ன எடம். இன்னிக்கு அவரு நிக்கட்டும்.”

மேகம் மலையை மூடும்வரை எடுத்தாள். மூடிய பிறகும் எடுத்தாள். பிறகு அப்பாவுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார். போனைக் கையிலேயே வைத்திருந்திருக்க வேண்டும்.

“என்ன பாப்பா, திண்டுக்கல்னுதான சொன்ன?”

“இல்லப்பா. உங்க பேரச் சொன்னேன்.”

“யாரும் கை வச்சாங்களா?”

“இல்லப்பா. உள்ளதான் நிக்கிறேன். ஜெரோமும் நிக்கிறான்.”

பிறகு சின்னப் பிள்ளை மாதிரி ஒரு குரல் வந்தது. “உள்ள... உள்ள என்ன பாப்பா இருக்கு?”

“ஒண்ணும் இல்லப்பா. கருவேல முள்ளு. ஒரு மொட்டைக் கல்லு, மஞ்சத்துணி சுத்தி. குவாட்டர் பாட்டிலு. மிச்சமெல்லாம் ஆட்டுப்புழுக்கை.”

“ஆட்டுப்புழுக்கையா?”

“எம்புட்டுக் கெடக்குங்கிறீங்க! காலு வைக்க எடமில்ல.”

மிக்கேல்ராஜ் சிரித்தார். அவர் இப்படிச் சிரித்து ஜெஸ்ஸி கேட்டதில்லை. இருமி இருமிச் சிரித்தார். சிரிப்பு எங்கேயோ உடைந்தது. “அடப்பாவிகளா, இதுக்காடா எங்கப்பன வெளியவே நிக்க வச்சுச் சாகடிச்சீக?” என்றார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அலமாரி திறக்கிற சத்தமும் கேட்டது.

“என்னப்பா பண்றீங்க?”

“சட்டை மாட்டுறேன். நீ அங்கயே இரு பாப்பா, நான் பஸ் ஏறி வாரேன். எம் பேரத்தான் சொல்லிட்டேல்ல, இனி ஆளு வராம இருந்தா நல்லாருக்காது.”